உலாவிடத்துச் சிங்கங்கள்

தமிழகத்துக் கடற்கரையில் தமிழ் முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் ஒரு சொல் வழங்கி வருகிறது. பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து போனவரைப்பற்றி விசாரித்தால், "அவர் சபர் போயிருக்கிறார்" என்று விடை வரும். அவ்விதம் சென்று உழைப்பவருக்குச் சபராளி என்று பெயர். சபர் என்பது அரபுச் சொல். பயணம் என்பது அதன் பொருள். வணிகரோடு அந்தச் சொல் ஆப்பிரிக்காவின் கீழைக் கரைக்குச் சென்று, சுவாஹிலி மொழியில் 'சபாரி' என்று ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்து, முதலில் வேட்டைப் பயணத்தைக் குறித்தது. பின்னர், காட்டு விலங்குகளை வண்டியில் அமர்ந்தபடியே காணும் தோட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. அந்தத் தோட்டத்தை நாம் தமிழில் உலாவிடம் என்கிறோம்.

கோட்டக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இந்தச் சொல்லின் வரலாற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நான் சிறுவனாக இருந்தபோது ஓர் உலாவிடத்தில் சிங்கங்களைப் பார்த்தேன். பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றேன். பழைய சிங்கங்கள் இல்லை. வேறு சிங்கங்கள் இருந்தன. அவையும் எண்ணிக்கையில் குறைவு. சிங்கம் எளிதில் குட்டி ஈனும் விலங்கு என்கிறார்கள். அப்படியிருக்க, ஏன் பெருக்கிக்கொண்டே போகக் கூடாது? வேண்டுமானால் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கி வரலாமே?" என்றார்.

கேள்வி நியாயமானதே. காசு கொடுத்து வண்டியில் ஏறும் ஒவ்வொருவர் மனத்திலும் அது இருக்கும். அதற்கு அன்று திண்ணையில் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் உலாவிடத்தின் அமைப்பை மனத்தில் கொள்ளுங்கள். பழைய மிருகக்காட்சிசாலையில் விலங்கு கூண்டுக்குள் இருக்கும். மனிதன் வெளியே நிற்பான். உலாவிடத்தில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. விலங்கு மரமும் புதரும் நிறைந்த பரந்த நிலத்தில் நடமாடுகிறது; மனிதன் கம்பி வலையிட்ட வண்டிக்குள் அடைபட்டுச் செல்கிறான். நுழைவாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று மூடியபிறகே மற்றொன்று திறக்கும். சிங்கங்கள் இரவு முழுவதும் அங்கே திரிவதில்லை. மாலையில் அவை தத்தம் இரவுக் கொட்டடிக்குத் திரும்பும்படி பழக்கப்படுத்தப்பட்டிருக்கும். உணவு அங்கேதான் கிடைக்கும். பராமரிப்பாளர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பார். உடம்பில் காயம் உண்டா, நடையில் தளர்ச்சி உண்டா, நேற்று இட்ட இறைச்சியை மிச்சம் வைத்ததா என்பதையெல்லாம் கவனிப்பதும் அந்த வேளையில்தான். ஆகவே, உலாவிடத்துச் சிங்கத்துக்குப் பகலில் காடு, இரவில் வீடு என்று சொல்லலாம்.

இந்த முறை மிகப் பழமையானதன்று. ஜப்பானில் டோக்கியோ நகரைச் சேர்ந்த தாமா மிருகக்காட்சிசாலையில் 1964ஆம் ஆண்டு சிங்கங்களிடையே பஸ் விடத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் லாங்லீட் என்னும் பிரபுவின் மாளிகைத் தோட்டத்தில் 1966ஆம் ஆண்டு சிங்க உலாவிடம் திறக்கப்பட்டது. மக்கள் தங்கள் சொந்தக் கார்களிலேயே சிங்கக் கூட்டத்தின் நடுவே சென்றார்கள். அந்த யோசனையைப் பிரபுவிடம் கொண்டு சென்றவர் ஜிம்மி சிப்பர்ஃபீல்டு என்பவர். அவர் புகழ்பெற்ற சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கஸுக்கும் உலாவிடத்துக்கும் உள்ள தொடர்பு பின்னால் மீண்டும் வரும். இந்தியாவிலும் இம்முறை விரைவில் பரவியது. ஒடிசாவின் நந்தன்கானனில் 1984ஆம் ஆண்டு சிங்க உலாவிடம் தொடங்கிற்று. சென்னைக்கு அருகே வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் சிங்க உலாவிடம் உண்டு. திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் விழுப்புரத்து மாணவர் பலர் அந்தப் பூங்காவின் வாயிலைக் கடந்துதான் போகிறார்கள்.

வண்டலூர்ப் பூங்காவின் வரலாறே, விலங்குகளைச் சேர்த்து வைக்கும் நோக்கம் எப்படி மாறியது என்பதற்கு நல்ல சான்று. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், அங்கே உயிருள்ள ஒரு சிவிங்கிப்புலியையும் ஒரு வேங்கையையும் வைத்திருந்தார். உயிரற்ற பொருள்களைவிட அவற்றைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. அதைக் கண்ட அவர், கர்நாடக நவாபிடம் பேசி அவரிடமிருந்த விலங்குகளைப் பெற்று, 1855ஆம் ஆண்டு அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் விலங்கும் பறவையும் ஊர்வனவுமாக 300க்கு மேல் சேர்ந்துவிட்டன. 1860களில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகேயிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. பட்டணம் பார்க்க வந்த நம் கிராமத்தார் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர்க் காலேஜ்' என்றும் பெயரிட்டார்கள். அந்தப் பெயர்களை இன்றும் முதியோர் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

உயிர்க் காலேஜ் என்ற பெயரைச் சிறிது எண்ணிப் பாருங்கள். செத்த காலேஜில் பொருள்களை வகைக்கு ஒன்றாகச் சேர்த்து வைப்பார்கள். அதே முறையில் உயிர்க் காலேஜிலும் வகைக்கு ஒன்று இரண்டாகச் சேர்த்து வைத்தார்கள். ஒரு விலங்கு இறந்தால் இன்னொன்றைப் பிடித்து வரலாம் என்பது அன்றைய எண்ணம். காடு வற்றாத களஞ்சியம் என்று நம்பிய காலம் அது. நகரம் நெருக்கிய பிறகு இடம் போதவில்லை. 1979ஆம் ஆண்டு வண்டலூர்க் காப்புக்காட்டில் புதிய பூங்காவுக்கான பணி தொடங்கி, 1985ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அது திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறக்குறைய 602 ஹெக்டேர். இடம் மட்டும் மாறவில்லை. விலங்கைச் சேர்ப்பதன் காரணமும் மாறியது.

அந்த மாற்றத்துக்கு முதற் காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மிருகக்காட்சிசாலைகளுக்கென்று தனி அத்தியாயம் அதில் சேர்க்கப்பட்டது. அதன்படி 1992ஆம் ஆண்டு மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் அமைந்தது. அதன் அங்கீகாரம் இல்லாமல் எந்தக் காட்சிசாலையும் நடைபெற முடியாது. பாதுகாக்கப்பட்ட விலங்கு ஒன்று ஒரு காட்சிசாலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால் அந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் விதிகளும் குறுக்கே நிற்கும். 1976ஆம் ஆண்டு முதல் இந்தியா அதற்குக் கட்டுப்பட்டது. எனவே, சந்தையில் மாடு பிடிப்பதுபோல் சிங்கம் பிடித்துவர இயலாது. ஒரு காட்சிசாலை தன்னிடம் மிகுந்துள்ள விலங்கைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாததைப் பெறும் பரிமாற்றமே இன்று நடைமுறை.

இரண்டாவது காரணம் சர்க்கஸ் கூடாரத்திலிருந்து வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்து வகை விலங்குகளை வேடிக்கை காட்டப் பயன்படுத்தலாகாது என்று இந்திய அரசு 1998ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. சர்க்கஸ் நடத்துவோர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2001ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு எளிது, அதன்பின் எழுந்த கேள்வி கடினம். கூடாரங்களில் இருந்த சிங்கங்களையும் புலிகளையும் எங்கே வைப்பது? காட்டில் விடமுடியாது. அவை வேட்டையாடி அறியாதவை. சில பல்லும் நகமும் இழந்தவை. ஆகவே வண்டலூர், பன்னேர்கட்டா, திருப்பதி முதலிய இடங்களில் மீட்பு மையங்கள் ஏற்பட்டன. வண்டலூரில் அதற்கென்றே 2001ஆம் ஆண்டு 92 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் சேர்க்கப்பட்டது.

இங்கே ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. மீட்கப்பட்ட சர்க்கஸ் விலங்குகளுக்கு உணவும் மருந்தும் நிழலும் தரவேண்டும்; ஆனால் அவை இனம் பெருக்கலாகாது. ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தோ, அறுவைச் சிகிச்சையாலோ அதைத் தடுத்தார்கள். சிங்கம் காட்டில் 10 அல்லது 12 ஆண்டு வாழ்வதே பெரிது. நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டு வாழும். ஆகவே அந்தத் தலைமுறை மெல்ல மெல்லக் கிழடாகிக் குறைந்தது. சர்க்கஸ் சிங்கம் இருந்த கொட்டடி ஒன்று காலியாகிறது என்றால், கூடாரத்திலிருந்து வந்த ஓர் உயிர் கடைசிவரை அமைதியாக வாழ்ந்து முடிந்தது, அதன் இடத்துக்கு இன்னொன்று பிடித்துவரப்படவில்லை என்றே பொருள். கூடம் காலியாவதே வெற்றி என்று சொல்லக்கூடிய நிலையங்கள் உலகில் சிலவே. மீட்பு மையம் அவற்றுள் ஒன்று.

அப்படியானால் அவற்றுக்கு இனப்பெருக்கம் கூடாது என்று ஏன் முடிவு செய்தார்கள்? இதற்கு விடைதான் மூன்றாவது காரணம்; மாணவர்கள் கருத்தூன்றிக் கேட்கவேண்டியது இதுவே.

சிங்கம் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் உண்டு. ஆசியாவில் அது காட்டு விலங்காக எஞ்சியிருப்பது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சூழ்ந்த சௌராஷ்டிரப் பகுதியிலும் மட்டுமே. ஆசியச் சிங்கத்தின் பிடரி சற்றுக் குறைவு. ஆகையால் அதன் காதுகள் வெளியே தெரியும். அடிவயிற்றின் நெடுக ஒரு தோல் மடிப்பு தொங்கும். சர்க்கஸ்காரர்கள் இத்தகைய வேறுபாடுகளைப் பார்த்தவர்கள் அல்லர். ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் அவர்களிடம் கலந்தன. பஞ்சாபின் சத்பீர் மிருகக்காட்சிசாலையிலும் இதே நிலை நேர்ந்தது. சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்க வழிச் சிங்கங்களோடு ஆசியச் சிங்கங்கள் சேர்ந்து குட்டிகள் பல பிறந்தன. உலாவிடத்தில் சிங்கம் பெருகியது; பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் அவை நோய் எதிர்க்கும் வலிமை குன்றின; பல நோயுற்றன. கடைசியில் 2000ஆம் ஆண்டையொட்டி ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்து அந்த வழியை நிறுத்தவேண்டியதாயிற்று. இந்தத் தவறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் காட்சிசாலைகளில் ஆசியச் சிங்கம் என்று நம்பி வளர்த்த கூட்டத்தின் மூதாதைகளில் சில ஆப்பிரிக்க வழி வந்தவை என்று 1987ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

கோட்டக்குப்பத்து மாணவர் இந்த இடத்தில் என்னை மடக்கினார். "மனிதரில் கலப்பு மணத்தைப் போற்றும் நாம், சிங்கத்தில் மட்டும் தூய குலம் தேடலாமா?" என்றார். நல்ல கேள்வி. இங்கே உயர்வு தாழ்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. கலப்புச் சிங்கமும் சிங்கமே. பசியும் வலியும் அதற்கும் ஒன்றே. உண்மையில், ஆசியச் சிங்கமும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை என்று 2017ஆம் ஆண்டு பூனையின வல்லுநர் குழு வகுத்திருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாளை கிர் காட்டுக்கு ஆபத்து நேர்ந்தால், அந்தக் காட்டுச் சிங்கத்தின் மரபை அப்படியே திருப்பித் தரவேண்டிய கடமை காட்சிசாலைகளுக்கு உண்டு. விதைநெல்லைக் காப்பவன் எந்த நெல் எது என்று தெரியாமல் ஒரே குதிரில் கொட்டி வைத்தால், விதைக்கும் நாளில் என்ன செய்வான்? கலந்த நெல்லும் சோறாகும், விதையாகாது. இந்த உவமை முற்றும் பொருந்தாவிட்டாலும், கருத்து இதுவே.

இன்னொரு சான்று வெள்ளைப் புலி. அதைப் பார்க்க எங்கும் கூட்டம் அலைமோதும். அது தனி இனம் அன்று; நம் வேங்கையிலேயே நிறம் மாறிப் பிறப்பது. 1951ஆம் ஆண்டு ரேவா சமஸ்தானப் பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழித்தோன்றல்களே காட்சிசாலை வெள்ளைப் புலிகளில் மிகப் பல. அந்த நிறம் மறையாதிருக்க மோகனை அதன் மகளோடேயே சேர்த்தார்கள். நெருங்கிய உறவுக்குள் இவ்வாறு சேர்த்ததன் விளைவாக மாறுகண் முதலிய குறைகள் அந்த வழியில் தோன்றின. பார்ப்பவர் விருப்பத்துக்கு ஏற்ப விலங்கைப் பெருக்கினால் விலங்கு என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

கிர் காட்டுக்கு ஆபத்து நேர்ந்தால் என்று சொன்னேன். அது வெறும் கற்பனையா? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சில பத்துச் சிங்கங்களே எஞ்சியிருந்தன. ஜூனாகத் நவாபு வேட்டையைத் தடுத்தார். பின்னர் அரசு காத்தது. 2015ஆம் ஆண்டுக் கணக்கில் 523, 2020ஆம் ஆண்டில் 674, 2025ஆம் ஆண்டில் 891 என்று எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் 2018ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரே வனப்பகுதியில் 20க்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் மடிந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் அவற்றிற் பலவற்றின் உடலில் காணப்பட்டது. எல்லாச் செல்வத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பவன் அந்தப் பெட்டிக்குத் தீ நெருங்கும்போதுதான் விழித்துக்கொள்கிறான். கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டுசென்று இரண்டாவது குடியிருப்பை ஏற்படுத்தவேண்டும் என்று 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சிங்கங்கள் அங்கே போய்ச் சேரவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நமீபியாவிலிருந்து வந்த எட்டுச் சிவிங்கிப்புலிகளே குனோவில் இறங்கின. இரண்டாவது காடு அமையாதிருக்கும்வரை, காட்சிசாலைகளில் கவனமாகக் காக்கப்படும் ஆசியச் சிங்கங்கள் ஒரு வகையில் சேமநிதியாகும்.

சேமநிதிக்கும் ஆபத்து உண்டு என்பதை வண்டலூரே உணர்ந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், கொரோனா அலையின்போது, உலாவிடப் பகுதிக் கொட்டடியில் இருந்த ஐந்து சிங்கங்கள் உணவை வெறுத்தன, இருமல் கண்டது. பரிசோதனையில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. ஜூன் 3ஆம் நாள் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், ஜூன் 16ஆம் நாள் பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தன. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிலையம் மாதிரிகளை ஆராய்ந்து, மனிதரிடையே அப்போது பரவிய டெல்டா வகை வைரஸே சிங்கங்களிடமும் இருந்தது என்று கண்டது. கூண்டும் அகழியும் நம்மிடமிருந்து விலங்கைப் பிரிக்கலாம். நம் காலத்து நோயிலிருந்து பிரிப்பதில்லை. ஒரே இடத்தில் அளவுக்கு மீறிச் சிங்கங்களை நெருக்கி வைக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, புதியவை எவ்வாறு வருகின்றன என்று பார்ப்போம். ஒரு காட்சிசாலையில் பல ஆண்டுகளாக ஒரே குடும்பம் இருந்தால் அங்கே பிறப்பவை யாவும் உடன்பிறப்பும் ஒன்றுவிட்ட உறவுமாகிவிடும். அதைத் தவிர்க்க, எந்தச் சிங்கத்துக்குத் தாய் எது, தந்தை எது என்பதைப் பேரேட்டில் பதிந்து, தொலைவிலுள்ள காட்சிசாலையிலிருந்து வேறு வழி வந்த ஆணையோ பெண்ணையோ வரவழைப்பார்கள். நம் வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது உறவு விசாரிப்பதுபோல் என்று சொல்லலாம். நாம் உறவு இருக்கிறதா என்று தேடுவோம், அவர்கள் உறவு இல்லாததைத் தேடுவார்கள்.

வந்த விலங்கு உடனே உலாவிடத்துக்குப் பழகிவிடாது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சி பலருக்கு நினைவிருக்கும். பன்னேர்கட்டாவிலிருந்து வண்டலூருக்கு வந்திருந்த ஷெரியார் என்ற இளம் ஆண் சிங்கத்தை உலாவிடத்தில் திறந்துவிட்டார்கள். மாலையில் அது கொட்டடிக்குத் திரும்பவில்லை. ஊரெங்கும் பரபரப்பு. ஊழியர் குழுக்கள் தேடின. உடல் வெப்பத்தைக் காட்டும் காமிரா பொருத்திய டிரோன்களும் பறந்தன. சிங்கம் வேலியைத் தாண்டவில்லை. உலாவிடத்துப் புதர்களுக்குள்ளேயே இருந்தது. சில நாள்களில் தானே கொட்டடிக்கு வந்து சேர்ந்தது. செய்தித்தாளில் இது வேடிக்கைச் செய்தியாக வந்தது. எனக்கோ அதில் ஒரு பாடம் தெரிந்தது. வீடு எது என்பதைச் சிங்கத்துக்கு எவரும் கட்டளையிட்டுப் புரியவைக்க முடியாது. அது தானாக நம்பி வரும் வரையில் மனிதன் காத்திருக்கத்தான் வேண்டும். உலாவிடத்தில் ஒரு புதிய விலங்கைச் சேர்ப்பது என்பது லாரியிலிருந்து இறக்கிப் பெயர்ப்பலகை மாட்டுவதோடு முடிவதன்று என்பதை அந்தச் சில நாள்கள் எல்லோருக்கும் காட்டின.

இப்போது கோட்டக்குப்பத்து மாணவரின் கேள்விக்கு வருவோம். பழைய சிங்கம் எங்கே போயிற்று? முதுமையால் மறைந்திருக்கலாம், பரிமாற்றத்தில் வேறு மாநிலத்துக்குப் போயிருக்கலாம், கொட்டடியில் ஓய்வு பெற்றிருக்கலாம். ஏன் பெருக்கவில்லை? இடமும் உணவும் அளவுக்கு உட்பட்டவை என்பது ஒன்று. ஒரு சிங்கத்துக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ இறைச்சி வேண்டும். பிறக்கும் குட்டி யாருடைய குட்டி, அது எந்தக் காட்டுக்குப் பயன்படும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் பெருக்கலாகாது என்பது மற்றொன்று, இதுவே பெரிது. ஏன் விலைக்கு வாங்கவில்லை? விலை கொடுக்கத் தொடங்கினால் விற்பவன் தோன்றுவான். விற்பவனுக்காகப் பிடிப்பவன் தோன்றுவான். உயிர்க் காலேஜ் காலத்துக்கே நாம் திரும்பிவிடுவோம்.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை உலாவிடத்துக்குச் செல்லும்போது எத்தனை சிங்கம் பார்த்தோம் என்று மட்டும் எண்ணித் திரும்பாதீர்கள். இது எங்கிருந்து வந்தது? இதன் தாய் தந்தை எவை? இதன் இனத்தில் காட்டில் எத்தனை உள்ளன? இக்கேள்விகளை வழிகாட்டியிடம் கேளுங்கள். விடை சொல்லக்கூடிய காட்சிசாலை தன் கடமையை உணர்ந்த காட்சிசாலை. கேள்வி கேட்கும் பார்வையாளர் இருந்தால்தான் விடை சொல்லும் காட்சிசாலையும் இருக்கும்.

கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் சென்று மேற்கே திரும்பினால் கழுவெளி என்ற பரந்த உவர்நீர் ஏரி இருக்கிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில், மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன. கோடை தொடங்கியதும் போய்விடுகின்றன. அங்கே வேலி இல்லை, பேரேடு இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பறவை எத்தனை வரும் என்பதை நாம் நிர்ணயிப்பதில்லை. நீர் நிற்கும் இடத்தை ஆக்கிரமிக்காமல் விட்டுவைப்பது ஒன்றே நம் பங்கு.

அன்று திண்ணையை விட்டு எழும்போது அந்த மாணவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, "சபராளிக்கு ஊரில் வீடு இருக்கவேண்டும், அவ்வளவுதானே ஐயா?" என்றார். அவ்வளவுதான். கழுவெளிப் பறவைக்கு அந்த வீடு இருக்கிறது. கிர் சிங்கத்துக்கு ஒரே வீடு இருக்கிறது. இரண்டாவது வீடு இன்னும் அமையவில்லை. அது அமையும் நாள்வரை, அதன் மரபு கெடாமல் காத்து வைப்பதற்கே உலாவிடம் வேண்டியிருக்கிறது.